படமும் காலும் ஒத்துப்போக வேண்டும்

இடுப்பிலிருந்து கால்வரை இழுக்கும் வலிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தால் காரணம் தெரிந்துவிடும் என்று பலரும் நம்புகிறோம். இந்த வலியின் காரணத்தைக் கண்டறிந்த வரலாறு வேறு பாடம் சொல்கிறது: படம் சாட்சி மட்டுமே; தீர்ப்பு நோயாளியின் உடலைப் பரிசோதித்த பிறகுதான். நேப்பிள்ஸ் மருத்துவர் டொமெனிகோ கொத்துன்யோ, இது இடுப்பு மூட்டு வலியல்ல, நரம்பின் வலி என்று 1764-லேயே பிரித்துக் காட்டினார். அப்போது எக்ஸ்ரேகூடக் கிடையாது. மல்லாந்து படுத்தவரின் காலை முட்டி மடங்காமல் உயர்த்தி, வலி முட்டிக்குக் கீழே பாய்கிறதா என்று பார்க்கும் சோதனையும் 1880-களின் தொடக்கத்திலேயே எழுத்தில் பதிவாகிவிட்டது.

எக்ஸ்ரே வந்த பிறகும் எலும்பு தெரிந்ததே தவிர, நரம்பும், முதுகெலும்புகளுக்கு இடையே இருக்கும் டிஸ்க்கும் தெரியவில்லை. 1920-களின் தொடக்கத்தில் பிரான்சின் மருத்துவர்கள் சிகார், ஃபொரெஸ்தியே இருவரும் அயோடின் கலந்த கசகசா எண்ணெயை முதுகெலும்புக் குழாய்க்குள் செலுத்திப் படமெடுத்தார்கள். மேசையைச் சாய்க்கச் சாய்க்க எண்ணெய் நகரும்; அது தடைபடும் இடத்தில் ஏதோ அழுத்துகிறது என்று பொருள். ஆனால் அழுத்துவது எது என்பதைப் படம் சொல்லவில்லை. குருத்தெலும்புக் கட்டி என்று நினைத்து அறுவையில் எடுத்தவற்றில் பல, உண்மையில் பிதுங்கிய டிஸ்க்கின் துண்டுகளே என்று பாஸ்டனின் மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் 1934-இல் நிறுவினார்கள். எடுத்த திசுவை மறுபடி ஆராய்ந்ததால் கிடைத்த உண்மை அது.

அது மங்கலான படங்களின் காலம், இன்றைய எம்.ஆர்.ஐ. தண்டுவடத்திலிருந்து கிளம்பும் நரம்பு வேரையே காட்டுகிறதே என்று கேட்கலாம். தெளிவு கூடியது உண்மை. அதனாலேயே நோயில்லாத மாற்றங்களும் சேர்ந்து தெரிகின்றன. 1994-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். 52 சதவீதத்தினருக்கு ஓரிடத்திலாவது டிஸ்க் புடைத்திருந்தது. 27 சதவீதத்தினருக்குப் பிதுங்கியே இருந்தது. அப்படியானால் ஸ்கேனே வேண்டாமா? வேண்டும். அறுவை செய்யும் இடத்தைக் குறிக்கவும், கட்டி, தொற்று போன்றவற்றைக் கண்டுபிடிக்கவும் அதற்கு இணையில்லை. சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

மற்றபடி, படத்தில் நசுங்கியதாகத் தெரியும் வேரும் காலின் அறிகுறியும் பொருந்த வேண்டும். ஐந்தாம் இடுப்பு நரம்பு வேர் என்றால் பெருவிரலைத் தூக்கும் வலு குறையும்; அதற்கு அடுத்த வேர் என்றால் கணுக்கால் அனிச்சை மங்கும். எனவே ரிப்போர்ட்டில் ‘டிஸ்க் பிதுக்கம்’ என்று படித்ததும் கலங்காதீர்கள். என் வலிக்கு இதுதான் காரணமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.