முத்துக்குளித்துறை வெயிலில் அகன்ற கோண லென்ஸ்: பின்புல மங்கலின் தாமத வரலாறு

தூத்துக்குடிக் கடலில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. ஜெர்மனியின் லைட்ஸ் நிறுவனம் தன் லைக்கா ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்காக 35 மி.மீ. எஃப் 1.4 சம்மிலக்ஸ் லென்ஸை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். அகன்ற காட்சியில் ஒருவரை மட்டும் துலக்கி, பின்புலத்தைக் கரையவிடும் பாணிக்கு அந்த லென்ஸையே தொடக்கமாகக் கொள்ளத் தோன்றும். ஆனால் இந்தக் கரையின் வெயிலைக் கணக்கில் சேர்த்தால் காலக்கோடு மாறிவிடுகிறது. மங்கலுக்கு வேண்டிய கண்ணாடி 1961இலேயே வந்துவிட்டது. பட்டப்பகலில் அதை முழுதாகத் திறக்கவிடும் ஷட்டர்தான் பல பத்தாண்டுகள் பிந்தியது.

மங்கலின் அளவு லென்ஸ் துளையின் விட்டத்தைப் பொறுத்தது. 35 மி.மீ. லென்ஸை எஃப் 1.4இல் திறந்தால் துளை 25 மி.மீ.; எஃப் 16க்கு மூடினால் 2 மி.மீ.க்குச் சற்று மேல். ஒரு மீட்டரில் இருக்கும் முகத்தின்மீது குவித்தால், தொடுவானத்துத் தோணியின் ஒவ்வொரு புள்ளியும் ஃபிலிமில் முன்னதில் 0.9 மி.மீ. வட்டமாக விரியும், பின்னதில் 0.08 மி.மீ.தான். குளியாளர் மூன்று மீட்டர் தள்ளி நின்றால், முழுதாகத் திறந்த லென்ஸிலும் அந்த வட்டம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. அகன்ற கோணத்தில் மங்கல் வேண்டுமென்றால் ஆளை நெருங்கவும் வேண்டும், துளையைத் திறக்கவும் வேண்டும். ஆடும் படகில் நெருங்குவது எப்படியோ கைகூடும். திறப்பதற்கு வெயில் இடம் கொடுக்காது.

முத்துக்குளிப்பு பங்குனி, சித்திரை மாத வேலை. நள்ளிரவு கடந்து கரைக்காற்றில் பாருக்கு, அதாவது கடலடி முத்துச்சிப்பித் திட்டுக்கு, புறப்படும் தோணிகள், காலை முதல் நண்பகல்வரை குளித்துவிட்டுக் கடற்காற்றில் திரும்பும். வேலை முழுவதும் சுள்ளென்ற வெயிலில். அந்த வெளிச்சத்தில் 100 ஏஎஸ்ஏ ஃபிலிமுக்கு எஃப் 16இல் நொடியில் 1/100 போதும். எஃப் 1.4க்குத் திறந்தால் 1/12,800 வேண்டும். 1954இல் வந்த லைக்கா எம்3இன் உச்ச வேகமோ 1/1000. 25 ஏஎஸ்ஏ ஃபிலிம் போட்டாலும் 1/3200 தேவை. லைக்கா லென்ஸையே ஏற்கும் கொனிக்கா ஹெக்ஸார் ஆர்எஃப் 1999இல் 1/4000 தந்தபோதுதான் அந்த மந்த ஃபிலிமாவது இந்த வெயிலுக்கு ஈடுகொடுத்தது. 2022இன் லைக்கா எம்11, 64 ஐஎஸ்ஓவில் 1/16,000 மின்னணு ஷட்டரோடு வந்தபோது இந்தத் தடை ஏறக்குறைய முற்றிலும் நீங்கியது. அதற்குள் கரையில் முத்துக்குளிப்பே இல்லை!

ஒளி குறைக்கும் ஃபில்டர் மாட்டியிருக்கலாமே என்ற மறுப்பு வலுவானது. ஒளியைப் பதினாறில் ஒன்றாக்கும் சாம்பல் ஃபில்டர் கணக்கைச் சரிசெய்துவிடும். ரேஞ்ச்ஃபைண்டரில் பார்வைச் சாளரம் தனியாக இருப்பதால் காட்சியும் இருளாது. ஆனால் அதே சாளரம் எல்லாத் தொலைவையும் துலக்கமாகவே காட்டுகிறது. ஃபிலிமில் எது கரையும் என்பது எடுப்பவர் கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத விளைவுக்காக ஃபில்டரைத் திருகிக்கொண்டிருப்பதைவிட எளிய வழி உண்டு: எஃப் 8இல் ஐந்து மீட்டருக்குக் குவித்து வைத்தால் இரண்டரை மீட்டரிலிருந்து தொடுவானம்வரை ஏறத்தாழத் துலங்கும். நீருக்குமேல் தலை எழுந்ததும் அமுக்கிவிடலாம். அந்தப் படத்தில் குளியாளர் மூழ்க உதவும் கயிறும் கல்லும் பின்னால் நிற்கும் தோணிகளும் எண்ணிப் பார்க்கும்படி பதிந்திருக்கும் என்பது ஆய்வாளருக்குக் கூடுதல் லாபம்.

எஃப் 1.4 லென்ஸ் விற்கப்பட்டதே குறைந்த வெளிச்சத்துக்காக என்பது இன்னொரு மறுப்பு. இதை ஏற்கத்தான் வேண்டும். ஏற்றால் வாதம் இன்னும் இறுகுகிறது. மங்கல் அன்று தேடிப்போன அழகு அல்ல, இருட்டில் துளையைத் திறந்ததன் உடன்விளைவு. ஆகவே இக்கரையில் அதன் தொடக்கத்துக்குச் சான்று தேடுபவர் பார்களில் எடுத்த பகல் படங்களைப் புரட்டிப் பயனில்லை. விடியுமுன் நடக்கும் மீன் ஏலமும், ஆகஸ்ட் 5இல் நிறைவுறும் பனிமய மாதா திருவிழாவின் இரவுகளுமே அவர் முதலில் பார்க்க வேண்டியவை. அங்கே 400 ஏஎஸ்ஏ ஃபிலிமுக்கு எஃப் 1.4இல் 1/60 என்பதே பெரும்பாலும் கட்டாயம்.