பேர் போட்ட ஏடு

மாத்தளையிலிருந்து இறத்தோட்டை வழியாக மேலேறும் பாதையில் ரிவர்ஸ்டன் மலை எதிர்ப்படுகின்றது. அதன் உச்சியில் இன்று தொலைத்தொடர்புக் கோபுரம் நிற்கின்றது. அக்கோபுரம் எழுவதற்கு நெடுங்காலம் முன்னரே மாத்தளை மலைத் தோட்டங்களின் நிலைமை கொழும்புக்கும் இலண்டனுக்கும் அறிவிக்கப்பட்டு வந்தது. அதனைச் சுமந்தது மின்னலையன்று, கோடிட்ட கணக்கேடு.

1869இல் இலங்கையில் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை பரவியது. தனியுடைமையாளர் பலரின் இடத்தைக் கம்பனிகள் பெற்றன. இலண்டனில் பணிப்பாளர் சபை, கொழும்பில் முகவர் நிறுவனம், தோட்டத்தில் ஒரு பெரியதுரை: இவ்வளவே தலைமை. பல நூறு தொழிலாளரை இத்துணைச் சிலர் ஆண்டது எவ்வாறு?

விடை செக்ரோலில் உளது. விடியலில் பிரட்டுக்களத்தில் ஆட்கள் எண்ணப்பட்டனர். கொழுந்து நிறுக்கப்பட்டது. கணக்கப்பிள்ளை பேர் போட்டார். அலுவலகத்தில் இவை திரண்டு மாதக் கணக்காயின. இறுதியில் ஓர் இறாத்தல் தேயிலையின் உற்பத்திச் செலவு என்னும் ஒரு சிறிய எண்ணாகச் சுருங்கின. அச்சுருக்கமே சிலரைப் பலருக்குத் தலைவராக்கிற்று.

ஆயின் சுருக்கம் என்பது இழப்புமாகும். குறித்த அளவு கொழுந்து எடுக்காதவளுக்கு ‘அரைப்பேர்’ விழுந்தது. அவள் நோயுற்றிருந்தாளா, அடைமழை பெய்ததா, மலையில் கொழுந்தே இல்லையா என்பதற்கு அந்த எண்ணில் இடமில்லை. அரைக்கூலி மட்டும் செலவுக் குறைவாக மேலே சென்றது. கணக்கை மட்டும் நம்புதல் தகாது என்பதைக் கம்பனிகளும் உணர்ந்திருந்தன. தோட்டத்தை நேரிற் பார்த்து அறிக்கையிட விசிட்டிங் ஏஜண்டை அனுப்பியமை அதற்குச் சான்று.

1958இல் லெவிற், விஸ்லர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், தகவல் நுட்பம் வளர வளர நிறுவனங்களின் நடுத்தர முகாமையாளர் குறைவர் என்றும், திட்டமிடும் பொறுப்பு மேன்மேலும் உச்சியிற் குவியும் என்றும் எழுதினர். நடுநிலையினர் திரட்டிச் சுருக்கிய செய்தியைக் கணினி திரட்டித் தருமாயின், மெலிந்த நிறுவனமும் இயங்கும் என்பது அதன் உட்கிடை.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் பல தோட்டங்களின் முகாமை மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. உடைமை மாறினும், எண்ணை நோக்கி ஆளும் முறை மாறவில்லை. ஆட்குறைப்பினால் நீங்குவோர் எழுத்தர் மட்டுமல்லர். அரைப்பேருக்குக் காரணம் அறிந்தவரும் அவரே. கணினித் திரையை நோக்கும் நிறைவேற்றுநர் மலையேறிப் பார்க்கும் கடமையினின்றும் விடுபட்டாரல்லர் என்பதே செக்ரோல் வரலாறு புகட்டும் பாடமாகும்.