பல்லும் பணமும்: கொள்ளைநோய் கற்பித்த பாடம்

'பல் போனால் சொல் போச்சு' என்பது முதுமொழி. 2020ஆம் ஆண்டிலோ பல்லைக் காக்கும் தொழிலே நிலைகுலைந்தது. நம் மலேசியாவில் மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. ஒரு வாரம் கழித்து, மார்ச் 25ஆம் நாள், இங்கிலாந்தில் அவசரமல்லாத பல் சிகிச்சைகள் யாவும் நிறுத்தப்பட்டன. அந்நாட்டின் பட்டறிவு நாமும் எண்ணிப் பார்க்கத் தக்கது.

பல்லைத் துளைக்கும் கருவி எச்சில் கலந்த நீர்த்திவலைகளைக் காற்றில் தெளிக்கும். கொரோனா நச்சுயிரி அவ்வழியே பரவக்கூடும் என்பதே அச்சத்திற்குக் காரணம். கதவுகள் மூடின. ஆனால், வாடகையும் வங்கிக் கடன் தவணையும் மூடவில்லை!

அரசின் தேசிய நலவாழ்வுச் சேவையோடு ஒப்பந்தம் கொண்ட மருத்துவகங்களுக்கு மாதத் தொகை தொடர்ந்து கிடைத்தது. நோயாளி தரும் கட்டணத்தையே நம்பியிருந்த தனியார் மருத்துவகங்களுக்கு வருவாய் அற்றுப்போயிற்று. வேலையின்றி வீட்டிலிருந்த பணியாளருக்கு அரசு 80 விழுக்காட்டு ஊதியத்தை, மாதம் 2,500 பவுண்டு என்ற உச்சவரம்புக்குட்பட்டு வழங்கியது. சுயதொழில் புரிந்த மருத்துவருள் ஆண்டு ஆதாயம் 50,000 பவுண்டைக் கடந்தோர்க்கோ சுயதொழிலாளர் உதவித்திட்டத்தில் இடமில்லை.

ஜூன் 8ஆம் நாள் கதவுகள் திறந்தன. எனினும், துளைப்புச் சிகிச்சைக்குப் பின் அறையை ஒரு மணி நேரம் வரை வெறுமையாக விடவேண்டியிருந்தது. பத்துப் பேர் வந்த நாளில் மூவரைக் காண்பதே அரிதாயின், அறுவடை எங்ஙனம் நிறையும்? அரசும் இதனை உணர்ந்து, வழக்கமான பணியளவில் 2020 இறுதிவரை 20 விழுக்காடும், 2021 தொடக்கத்தில் 45 விழுக்காடும் செய்தால் போதும் என்றது.

நோய் புதிது, விரிசல் பழையது. 1948இல் இலவசமாகத் தொடங்கிய சேவையில், 1951இல் செயற்கைப் பற்களுக்குக் கட்டணம் விதிக்க முற்பட்டபோதே, அதனை உருவாக்கிய அனூரின் பெவன் அமைச்சர் பதவியைத் துறந்தார். பல் மருத்துவத்திற்குப் பணம் தருபவர் யார் என்னும் வினா அன்றே எழுந்துவிட்டது. விடை காணப்படாத அவ்வினாவின் விளைவை 2024 பிப்ரவரியில் பிரிஸ்டல் நகரில் உலகம் கண்டது. புதிதாகத் திறந்த ஒரு பல் மருத்துவகத்தில் பெயர் பதிய, நூற்றுக்கணக்கானோர் தெருவில் வரிசையாக நின்றனர்.

வரிசையில் நின்றோர் பொருள் படைத்தோர் அல்லர். கொள்ளைநோய் கணக்கேட்டில் எழுதிய இழப்பை இறுதியில் ஏழையின் வாயே சுமக்கிறது. நலக்காலத்தில் அடித்தளத்தைச் செப்பனிடாத சமுதாயம் நோய்க்காலத்தில் கூரையைக் குறைகூறிப் பயனென்ன?