சில்லும் பிறேக்கும்: வன்னிச் சைக்கிள் சொற்களில் கடனின் ஒழுங்கு

இலங்கையின் வன்னியில், பூநகரி, கிளிநொச்சிப் பக்கத்துச் சைக்கிள் திருத்தும் கடைகளில் வழங்கும் சொற்களைத் தொகுத்தால் ஹாண்டில், பெடல், பிறேக், ரிம், ரயர், ரியூப், பிறீவீல் என்று ஆங்கிலமே நிறைந்திருப்பதாகத் தோன்றும். தமிழின் போதாமைக்கு இதையே சான்றாகக் காட்டுவோர் உண்டு. பெயர்ச்சொற்களை மட்டும் எண்ணுவதால் வரும் முடிவு அது. ரியூபுக்கு ஒட்டுப் போடுகிறார்கள், காற்றடிக்கிறார்கள், ரிம்மை நெளிவெடுக்கிறார்கள், செயினைக் கழற்றுகிறார்கள், பூட்டுகிறார்கள், இறுக்குகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய உறுப்பு தன் பெயரோடு வந்தது. கைவேலைக்கு வேண்டிய சொல் முன்பே ஊரில் இருந்தது. ஆகவே இங்கே நடந்த கடன்வாங்கல் ஓர் ஒழுங்குக்கு உட்பட்டது என்பதே என் வாதம்.

உறுப்புப் பெயர்களிலும் அந்த ஒழுங்கு தெரிகிறது. மாட்டுவண்டி அறிந்த மக்கள் சில்லு, அச்சு ஆகிய சொற்களைத் தயக்கமின்றிச் சைக்கிளுக்குக் கொடுத்தார்கள். ஆனால் வண்டிச் சில்லின் ஆரக்கால் என்ற சொல்லைக் கொடுக்கவில்லை, கம்பி என்றார்கள். இத்தேர்வு நுட்பமானது. மர ஆரக்கால் பாரத்தை அழுத்தவிசையில் தாங்குகிறது. சைக்கிளின் மெல்லிய கம்பியோ இழுவிசையில் நின்று ரிம்மைப் பிடித்திருக்கிறது. வடிவமும் வேலையும் வேறானபோது பெயரும் வேறானது. பழைய சொல்லைப் புதிய உறுப்புக்குக் கொடுக்கும் வழியில்தான் ஆங்கிலமும் சொல் சேர்த்தது: கொவன்றியில் 1885இல் ஜோன் கெம்ப் ஸ்ராலி வெளியிட்ட றோவர் சைக்கிளின் இருக்கைக்குக் குதிரைச் சேணத்தின் பெயரும், முன்சில்லைத் தாங்கும் உறுப்புக்குக் கவைக்கோலின் பெயரும் வழங்கின. வன்னிக்குக் கடனாக வந்த சொற்களும் வந்தபடியே நிற்கவில்லை. தமிழ்நாட்டில் டயர், டியூப் எனப்படுபவை இங்கே ரயர், ரியூப் ஆயின, ஆங்கில ஒலியை ஈழத்துச் செவி றகர இனத்தோடு சேர்த்துக் கேட்டதால். வால்வு, கட்டையோடு சேர்ந்து வால்கட்டை ஆனபின் அதை ஆங்கிலம் என்று எவர் சொல்வார்?

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பொன்று உண்டு. அரச ஆவணங்கள் துவிச்சக்கர வண்டி என்கின்றன. போர்க்கால வன்னியில் விடுதலைப் புலிகளின் நிருவாகம் தமிழ்ப் பெயர்களை ஊக்குவித்தபோது ஈருருளி எழுத்தில் பரவியது. பேக்கரிக்கு வைத்த வெதுப்பகம் என்ற பெயர் பெயர்ப்பலகைகளில் இன்றும் நிற்கிறது. முழு வண்டிக்கு முடிந்தது உறுப்புகளுக்கு ஏன் முடியாது? என் பதில் இது: பெயர்ப்பலகையும் செய்தித்தாளும் ஒரு நிறுவனத்தின் முடிவால் மாறும். உறுப்பின் பெயரோ வாங்குபவனுக்கும் விற்பவனுக்கும் இடையில் பிழையின்றிப் போய்வர வேண்டியது. சைக்கிள் கடைக்குச் சரக்கு வன்னிக்கு வெளியேயிருந்து வருகிறது. எரிபொருள் தடைப்பட்ட 1990களில் நெல்லும் விறகும் நோயாளியும் சைக்கிளிலேயே போன மண்ணில், பிறீவீலைப் பிறீவீல் என்று கேட்டு வாங்கியது மொழிப்பற்றுக் குறைவால் அல்ல. கலைச்சொல் தொகுப்போர் பெயர்ப்பலகைச் சொல்லுக்கும் பட்டறைச் சொல்லுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை மதிக்கவேண்டும். தொழிற்பயிற்சி நூல்களில் நெளிவெடுத்தல், ஒட்டுப்போடல், வால்கட்டை ஆகியவை தலைச்சொற்களாகட்டும். ஆரக்கால் என்று திருத்த முனையாமல் கம்பியைக் கம்பியாகவே பதியட்டும். பிறீவீலுக்குப் பட்டறையில் ஒரு பெயர் பிறக்கும்வரை அச்சொல் அப்படியே இருக்கட்டும்.