நடுகல்லில் உருவமும் எழுத்தும்

பெங்களூரு ஜீவனஹள்ளிக்கு வடமேற்கே உள்ள ஹெப்பாளில் 2018-இல் கண்டறியப்பட்ட நடுகல், உருவமும் எழுத்தும் பொருளுணர்த்தும் முறைகளை ஒப்பிடத் தக்க சான்றாகும். ஏறத்தாழ கி.பி. 750-ஐச் சேர்ந்த இக்கல்லில் ஆயுதமேந்திய உருவம் செதுக்கப்பட்டுள்ளது. கன்னடம் அறியாதாரும் அதனை வீரன் என உணர்வர். ஆயின், அவன் பெயர் கித்தய்யா என்பதும், கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் காலத்தில் போரிட்டு மாண்டான் என்பதும் எழுத்தால் மட்டுமே அறியப்படுகின்றன. ஹெப்பாளின் பழம்பெயரான பெர்பொலல் கிடைப்பதும் எழுத்தில்தான்.

இதற்கு மாறாக, தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த தமிழ்-பிராமி நடுகற்களில் உருவமில்லை. அவற்றுள் ஒன்று ‘ஆகோள்’ என்னும் சொல்லால் நிகழ்ச்சியைக் குறிக்கிறது. அவ்வெழுத்தை அறியாதார்க்கு அவை வெறுங்கற்களே.

உருவம் வகையைச் சுட்டுகிறது; எழுத்து தனியாளைச் சுட்டுகிறது. எனவே, நடுகல் வாசகத்தை மட்டும் மொழிபெயர்ப்பது பாதிக் கல்லை மொழிபெயர்ப்பதேயாகும்.