எழுத்துக்கலை மேற்படிப்பு: மலேசியத் தமிழ்

இளங்கலைக்குப் பிறகு கதை, கவிதை, கட்டுரை, இதழியல் எழுத்து ஆகியவற்றை எழுதிப் பழகிப் பட்டம் பெறும் கல்வி எழுத்துக்கலை மேற்படிப்பு எனப்படும். இலக்கிய ஆய்வுப் படிப்பு இதிலிருந்து வேறானது. இங்கே மாணவர் இறுதியில் ஒப்படைப்பது தாமே எழுதிய நாவலையோ கதைத் தொகுப்பையோதான். அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழக எழுத்தாளர் பட்டறை 1936இல் தொடங்கியது. இங்கிலாந்தில் ஈஸ்ட் ஆங்கிலியாப் பல்கலைக்கழகம் 1970இல் முதுகலை வகுப்பைத் திறந்தது. அதன் முதல் மாணவர் நாவலாசிரியர் இயன் மெக்யூவன்.

மலேசியத் தமிழில் இப்படியொரு பட்டப்படிப்பு அமையவில்லை. ஆனால் பயிற்சி, இங்கிலாந்தை இருபது ஆண்டு முந்திக்கொண்டது. 1950இல் கோலாலம்பூர் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினர். பாடம் பத்திரிகையில் அச்சாகும். வாசகர் பயிற்சியை எழுதி அனுப்புவார். ஆசிரியர்கள் திருத்தி மதிப்பிடுவார்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி தொடக்கக் கல்வியோடு நின்றுவிட்ட காலம் அது. விடியலில் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, பால்மரம் வெட்டி, மங்குக் கிண்ணத்தில் சேர்ந்த பாலை எடுத்துவிட்டு லயம் எனும் வரிசைக் குடியிருப்புக்குத் திரும்பும் இளைஞனுக்கும் எட்டக்கூடிய வகுப்பு இது ஒன்றுதான். கட்டணம் ஒரு நாளிதழும் தபால் தலையும். சான்றிதழை விட இந்த எட்டும் தூரம்தான் அதன் பெருமை.

1952இல் தமிழகத்திலிருந்து வந்து தமிழ் நேசன் ஆசிரியர் குழுவில் சேர்ந்த கு. அழகிரிசாமி, பிற்பாடு ‘இலக்கிய வட்டம்’ கூட்டினார். எழுதியவரை முன்னால் வைத்துக்கொண்டே அவர் கதையை மற்றவர்கள் அலசுவது அதன் வழக்கம். அயோவாவில் பட்டத்துக்காகச் செய்ததும் ஏறக்குறைய இதுவே.

பல்கலைக்கழகம் வேறு திசையில் போனது. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை 1956இல் உருவானது. தனிநாயக அடிகள் அதன் தலைவராக இருந்தபோது, 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. இராம சுப்பையா மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் நூல்களைத் தேடித் திரட்டி ‘தமிழ் மலேசியானா’ என்ற நூற்பட்டியலை 1969இல் வெளியிட்டார். அது இல்லையென்றால் பல நூல்களின் பெயர்கூட இன்று மிஞ்சியிருக்காது. முதுகலையும் முனைவர் பட்டமும் ஆய்வேட்டுக்கே. கதை எழுதுவதற்கான தூண்டுதல் வகுப்பறைக்கு வெளியிலிருந்து, மாணவர்களின் தமிழ்ப் பேரவை நடத்திய சிறுகதைப் போட்டியிலிருந்து வந்தது.

தொழில்முறை எழுத்தில் மேற்படிப்பு படித்த மலேசியத் தமிழ்ப் படைப்பாளிக்கு ரெ. கார்த்திகேசு (1940–2016) நல்ல எடுத்துக்காட்டு. வானொலி, தொலைக்காட்சியில் பணிசெய்தவர், கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்து, பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பொதுமக்கள் தொடர்பியல் கற்பித்தார். படிப்பு ஆங்கிலத்தில், நாவல்களும் சிறுகதைகளும் தமிழில். மலாய் மொழிக்கோ நிலைமை வேறு: கோலாலம்பூரின் தேசியக் கலைக் கழகமான அஸ்வாராவில் எழுத்துக்கென்றே தனிப் புலம் இருக்கிறது.

நெகிரி செம்பிலானில் சிரம்பானை ஒட்டிய செனாவாங், ரப்பர்த் தோட்டமாக இருந்து தொழிற்பேட்டையும் தாமான் எனும் குடியிருப்புகளுமாக மாறிய ஊர். அங்கிருந்து கொமுட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரல் போய், கிளானா ஜெயா எல்ஆர்டியில் மாறினால் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு இறங்கும் ‘யுனிவர்சிட்டி’ நிலையம். தோட்டம் கைமாறியபோது லயத்துச் சனம் எங்கெங்கே சிதறியது என்று எழுத நினைக்கும் செனாவாங் பட்டதாரி, அதை ஆய்வேடாக்கினால் மேற்பார்வையாளரும் பட்டமும் கிடைக்கும். நாவலாக்கினால் விடுமுறையில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான். அந்தக் கையெழுத்துப் பிரதியைக் கறாராக வாசித்துச் சொல்ல ஆள் வேண்டுமென்றால், 2007இல் தொடங்கி ம. நவீன் நடத்திவரும் ‘வல்லினம்’ போன்ற இதழ்களையும், கூலிம் நகரில் எழுத்தாளர் ஜெயமோகன் வந்து வகுப்பெடுத்தது போன்ற இலக்கிய முகாம்களையும்தான் நாட வேண்டும்.