இருபத்துநான்கில் ஒரு பங்கு

பீளமேட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்புறச் சந்தில் ஒரு பேட்டர்ன் பட்டறை இருந்தது. பட்டறை என்றால் உலையும் சம்மட்டியும் ஞாபகத்துக்கு வரும். இங்கே இரண்டும் கிடையாது. தேக்குத் தூளின் மணம், காய்ச்சிய வச்சிரத்தின் மணம், மூலையில் ஒரு பழைய மரக்கடைசல் லேத், அவ்வளவுதான். பவுண்டரியில் இரும்பை வார்ப்பதற்கு முன்னால் அதே உருவத்தை மரத்தில் செய்து கொடுக்க வேண்டும். அந்த மர உருவை மணலில் அமுக்கி எடுத்தால் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். கோயமுத்தூர்ப் பம்புகளின் வயிறும் மோட்டார்களின் கூடும் முதலில் மரமாகப் பிறந்தவை என்பது, அவற்றைப் போட்டுத் தண்ணீர் இறைத்த குடியானவர்களில் பலருக்கும் தெரியாது.

பட்டறைக்காரரைத் தெருவில் ஆசாரியார் என்பார்கள். நான் மாமா என்பேன். எனக்குப் பதின்மூன்று வயதிருக்கும். ஒருநாள் அவருடைய ஸ்கேலை எடுத்து என் பள்ளிக்கூட ஸ்கேலோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். ஓரடியில் மூன்று மில்லிமீட்டர் அதிகம் இருந்தது.

"ஏனுங் மாமா, உங்க ஸ்கேலு தப்புங்க" என்றேன்.

"தப்பில்லெ கண்ணு. இரும்பு ஆறுனா சுருங்கும். சுருங்கறதுக்கு முந்தியே அது கேக்கறதக் குடுத்துரோணும்" என்றார்.

வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்குகிறது. அலுமினியம் இன்னும் சற்று அதிகம். அதற்காக உலகமெங்கும் பேட்டர்ன்காரர்கள் ஒவ்வோர் உலோகத்துக்கும் ஒவ்வொரு நீள ஸ்கேல் வைத்திருக்கிறார்கள். மணலிலிருந்து உருவும்போது விளிம்பு உடையாமலிருக்கப் பக்கங்களைச் சற்றே சாய்வாகச் சீவ வேண்டும். உள்மூலைகளை மெழுகாலோ தோலாலோ உருட்ட வேண்டும். சரியான உருவம் கிடைக்க வேண்டுமானால் மரத்தைச் சரியாகச் செய்யக் கூடாது என்ற இந்த விசித்திரம் அந்த வயதில் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரு கார் செய்வது என்று தீர்மானித்தேன்.

எங்கள் தெருவில் ஒருவர் அம்பாஸிடர் டாக்ஸி வைத்திருந்தார். அம்மாவின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அதைச் சுற்றிச் சுற்றி அளந்தேன். 24-இல் ஒரு பங்கு என்று மாமா கணக்குச் சொன்னார்: ஓரடிக்கு அரை அங்குலம். மாதிரிக் கார் செய்கிறவர்கள் உலகமெங்கும் பெரிதும் கையாளும் அளவுகளில் அதுவும் ஒன்று என்பது வெகு காலத்துக்குப் பிறகே எனக்குத் தெரிந்தது. 43-இல் ஒரு பங்கு என்றும் ஓர் அளவு உண்டு. இதென்ன குறுக்குப் புத்தி, நாற்பது என்று வைத்தால் ஆகாதா என்று கேட்கத் தோன்றும். இங்கிலாந்தில் பொம்மை ரயில்களில் ஒரு வகைக்கு ஓரடிக்கு 7 மில்லிமீட்டர் என்று கணக்கு. அந்த ரயில்களுக்குப் பக்கத்தில் நிறுத்துவதற்காகப் பிறந்த பொம்மைக் கார்களும் அதே அளவில் அமைந்துவிட்டன. அடியையும் மில்லிமீட்டரையும் ஒரே வாக்கியத்தில் கலந்தால் நாற்பத்துமூன்று போன்ற பிள்ளைதான் பிறக்கும்.

4.3 மீட்டர் அம்பாஸிடர், 24-இல் ஒரு பங்காக 18 சென்டிமீட்டர் ஆகிறது. இதுவரை வகுத்தல்தான். சங்கடம் இதற்கு மேல்தான் ஆரம்பிக்கிறது. கதவுக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஐந்து மில்லிமீட்டர் என்றால், மாதிரியில் அது 0.2. இரண்டு கை பெயின்ட் அடித்தால் அந்தக் கோடு அடைபட்டுப் போகும். ஒரு மில்லிமீட்டர் தகடு 0.04 ஆக வேண்டும். நாம் எழுதும் காகிதமே அதைவிடத் தடிமன். எல்லாவற்றையும் 24-ஆல் வகுத்தால் கார் வராது. எதை வகுப்பது, எதைக் கண்ணுக்காகக் கூட்டுவது, எதை விட்டுவிடுவது என்று தெரிய வேண்டும். முன்பக்க மூக்கின் வளைவு எனக்கு மூன்று தடவை கெட்டது. நான்காம் தடவை மாமா கட்டையைக் கையில் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவிப் பார்த்து, "இங்க ஒரு நெல்லு உசரம்" என்று திருப்பிக் கொடுத்தார். அவராகச் சீவவில்லை.

சக்கரங்கள் மட்டும் என்னால் ஆகவில்லை. எத்தனை அரம் போட்டாலும் வட்டம் வட்டமாக இல்லை. மாமா லேத்தில் நான்கையும் ஒரு சாயங்காலத்தில் கடைந்து கொடுத்தார். மாமி உப்புத்தாள் போட்டு மெருகேற்றினாள்.

மாணவர் கைவினைப் போட்டி ஒன்றுக்கு அந்தக் காரை எடுத்துப் போனேன். எட்டு மாத உழைப்பு. நடுவராக வந்தவர் தொழில் தெரிந்தவர். காரைத் தூக்கிப் பார்த்தார். விரலால் ஒரு சக்கரத்தைச் சுண்டினார். அது ஆடாமல் சுழன்றது.

"எல்லாம் நீயே செஞ்சதா தம்பி?"

"எல்லாமே நாந்தானுங்க."

"இது லேத்தில கடைஞ்சது. உங்க வீட்டில லேத் இருக்குதா?"

நான் பேசவில்லை. அவர் காரை வைத்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். மூக்கைப் பற்றியோ கதவுக் கோட்டைப் பற்றியோ அவர் கேட்கவேயில்லை என்ற ஆத்திரம் எனக்குப் பல வருஷங்கள் இருந்தது. சொந்தக் கையால் செய்தது என்றால் எதுவரைக்கும் சொந்தக் கை? இந்தக் கேள்விதான் என்னைப் பிற்காலத்தில் மாதிரிக் கார்களின் சரித்திரத்தைத் தேடிப் படிக்க வைத்தது.

இந்தக் கேள்விக்கு ரொம்பக் கறாராகப் பதில் சொன்னவர்கள் அமெரிக்கர்கள். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்குக் கார் உடம்புகளைக் கட்டிய பிரிவுக்கு ஃபிஷர் பாடி என்று பெயர். ஃபிஷர் சகோதரர்கள் குதிரை வண்டி கட்டும் குடும்பத்திலிருந்து வந்தவர்கள். 1930-இல் அந்தப் பிரிவு சிறுவர்களுக்காக ஒரு கைவினைஞர் சங்கம் தொடங்கிப் போட்டி வைத்தது. முதலில் செய்யச் சொன்னது கார் அல்ல. நெப்போலியன் காலத்து அரச ரதம். வரைபடத்தைக் கம்பெனி கொடுக்கும். மரம், உலோகம், மெத்தை, பூவேலை எல்லாம் பையனே செய்ய வேண்டும். பரிசு, கல்லூரிப் படிப்புக்கான உபகாரச் சம்பளம். அது உலகமெங்கும் பணமுடை பிடித்த காலம். ஒரு பையன் ஆயிரக்கணக்கான மணி நேரத்தை ஒரு சின்ன ரதத்துக்குள் போட்டான் என்றால் அது வெறும் பொழுதுபோக்கு ஆசையால் மட்டும் அல்ல. பிறகு 12-இல் ஒரு பங்கு அளவில், தானே கற்பனை செய்த காரைச் செய்யும் பிரிவும் வந்தது. கடைசியில் அதுவே நிலைத்தது. போட்டி 1968-இல் நின்றது.

1947-இல் அதில் முதற்பரிசு வாங்கிய சக் ஜோர்டன் என்ற பையன், 1986-இல் அதே ஜெனரல் மோட்டார்ஸின் உருவமைப்புப் பிரிவுக்குத் தலைவரானார். அவரைப்போல் சங்கத்திலிருந்து வந்தவர்கள் அந்தப் பிரிவில் பலர் இருந்தார்கள். கம்பெனி தர்மத்துக்காக உபகாரச் சம்பளம் கொடுக்கவில்லை. கைகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டது. அதில் எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை. பெண்பிள்ளைகளைச் சேர்க்கவேயில்லை என்பதுதான் குறை. எங்கள் மாமி போட்ட மெருகை அவர்கள் பார்த்ததில்லை.

நம் ஊருக்கு வருவோம். கோயமுத்தூரில் எந்தக் கம்பெனியும் அப்படிப் போட்டி வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இங்கே நடந்தது வேறு. கலங்கலில் 1893-இல் பிறந்த ஜி. டி. நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஏறிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, பணம் சேர்த்து அதையே வாங்கி, அக்கக்காகப் பிரித்து மறுபடியும் பூட்டிய கதை ஊரறிந்தது. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பஸ்ஸோடு தொழில் தொடங்கினார். பைகாராவிலிருந்து மின்சாரம் வந்து, மில்களும் கிணற்றுப் பம்புகளும் பெருகிய பிறகு, 1937-இல் அவரும் டி. பாலசுந்தரமும் பீளமேட்டில் மின்சார மோட்டார் செய்தார்கள். பார்த்து, பிரித்து, அளந்து, மரத்தில் செதுக்கி, வார்த்து, கடைந்து: மாதிரிக் கார் செய்கிறவன் செய்யும் அதே வேலைதான், 24-ஆல் வகுப்பது ஒன்றுதான் இல்லை. இது பார்த்துச் செய்வதுதானே என்று சிலர் இளப்பமாகப் பேசுவார்கள். நான் அளந்த அம்பாஸிடரே இங்கிலாந்து மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியிலிருந்து பிறந்ததுதான். உத்தரபாராவில் 2014 வரை அதைச் செய்தார்கள். அதை நம்முடையது அல்ல என்று சொல்லிவிட்டு ஒரு டாக்ஸி ஸ்டாண்டிலிருந்து முழுசாகத் திரும்ப முடிந்திருக்காது.

இந்த விஷயத்தில் என் கேள்விக்கு நேரான பதிலாக நான் நினைப்பது எஸ். கரிவரதனை. மில் குடும்பத்துப் பிள்ளை; 1954-இல் பிறந்தவர். பந்தயக் கார் ஓட்டினார். ஓட்டுவதோடு நிற்காமல் கட்டவும் செய்தார். அந்தக் காலத்தில் ஒரு பந்தயக் காரை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது சாதாரணக் குடும்பத்து இளைஞர்களுக்கு எட்டாக் கனி. கரிவரதன் ஊர்தோறும் ஓடிய மாருதி 800 காரின் 796 சி.சி. என்ஜினை எடுத்தார். அதைச் சுற்றி ஒற்றை ஆள் உட்காரும் பந்தயக் காரைக் கோயமுத்தூரில் கட்டினார். 1988-இல் வந்த ஃபார்முலா மாருதி அதுதான். என்ஜினை நீ செய்தாயா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. பெயரிலேயே அவர் சொல்லிவிட்டார். நாராயண் கார்த்திகேயன் தன் ஆரம்பப் பந்தயங்களை அந்த வண்டியில் ஓட்டியவர். 2005-இல் ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியரானார். அதைப் பார்க்கக் கரிவரதன் இல்லை. 1995-இல் விமான விபத்தில் போய்விட்டார். செட்டிபாளையத்தில் 2003-இல் திறந்த பந்தயத் தடத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

அந்தத் தடத்துக்கு ஃபார்முலா பாரத் என்ற போட்டி வந்து சேர்ந்தது. பல மாகாணங்களிலிருந்து கல்லூரி மாணவர்கள் தாங்களே வடிவமைத்துக் கட்டிய ஒற்றை ஆள் கார்களோடு வருகிறார்கள். இவற்றில் பெண்கள் உண்டு. ஓட்டத்துக்கு மட்டும் மதிப்பெண் இல்லை. வடிவமைப்புக்கென்று ஒரு விசாரணை. செலவுக்கணக்குக்கென்று ஒரு விசாரணை. எந்தப் பாகத்தை வாங்கினாய், எதை நீ செய்தாய், ஏன் அப்படி என்று நடுவர்கள் கேட்கிறார்கள். வாங்கியது குற்றமில்லை; விளக்கத் தெரியாமலிருப்பதற்குத்தான் மார்க் குறைகிறது. இந்த விதிகளை முதன்முதல் படித்தபோது என் பழைய நடுவரை நினைத்துக்கொண்டேன். அவர் கேட்டதும் பாதி இந்தக் கேள்விதான். மீதியை நான் சொல்லவில்லை.

போட்டியன்று மாலை காரை எடுத்துக்கொண்டு நேரே பட்டறைக்குத்தான் போனேன். மாமா ஒரு பம்பு உறையின் பேட்டர்னுக்குக் கம்பெனிப் பெயரைச் செதுக்கிக் கொண்டிருந்தார். எழுத்துக்களைத் தனித்தனியே மரத்தில் வெட்டி ஒட்டுவார்கள். வார்த்து வரும்போது இரும்பில் புடைத்து நிற்கும். நடந்ததைச் சொன்னேன். நடுவர் அநியாயம் செய்துவிட்டார் என்று அவர் என்னோடு சேர்ந்து திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் உளியை வைக்கவில்லை.

"சக்கரம் எங்க மாமா கடைஞ்சதுன்னு சொல்றதுக்கு என்ன கண்ணு? எனக்குங் கொஞ்சம் பேரு கெடைச்சிருக்குமல்லொ" என்றார்.

பிறகு அடுத்த எழுத்தை எடுத்து, வச்சிரம் தடவி, கோட்டில் வைத்து அமுக்கினார்.